மீற்றர் போர்டைக் கழற்றுவதற்கு முன்

எங்களது பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரத்துக்கு ஒரு டொல்பின் வேன் இருந்தது. மாவனெல்லையிலிருந்து கண்டி, கட்டுகஸ்தோட்டை, அக்குறணைக் கடைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் சாமான் கொண்டுபோகும். 2006ஆம் ஆண்டு மழைக்கால மாலையொன்றில் கடுகண்ணாவை ஏற்றத்தின் நடுவில் அது நின்றுவிட்டது. ஓட்டியவர் என் தங்கையின் மகன். "மாமா, டீசல் ஈக்கிது, வேன் எடுக்குதில்ல" என்று போன் பண்ணினார். போய்ப் பார்த்தேன். முள் கால் டேங்குக்கு மேலே நிற்கிறது. டேங்கைத் தட்டினால் வெறும் தகரச் சத்தம். கேனில் டீசல் கொண்டுவந்து ஊற்றி, பில்டருக்கு மேலேயிருக்கும் கைப்பம்பை அமுக்கி அமுக்கிக் காற்றெடுத்து, வேன் மீண்டும் ஓடும்போது இஷாவும் கழிந்துவிட்டது. அன்று சாமான் போய்ச் சேர வேண்டிய கடைக்காரர் வேறோரிடத்தில் எடுத்துக்கொண்டார்.

வியாபாரிகளில் பெரும்பாலோரிடம் இன்று ஒரு வேனோ லொறியோ இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறக்கப்படும் வரையில், இருந்ததையே இழுத்துப் பிடித்து ஓட்டியவர்கள்தான் அதிகம். வாகனம் பழசாகும்போது என்ஜினை மட்டும் கவனித்து மீற்றர் போர்டை மறந்துவிடுகிறோம். ஆகவே எனக்கு நட்டம் தந்த இந்த விடயத்தை இவ்வாரம் எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்ல. சல்லி கொடுத்துக் கற்றவன்.

டீசல் சம்பவத்துக்கு அடுத்த வாரம் வெப்ப முள்ளும் ஏறத் தொடங்கியது. பகலில் சரியாக நிற்கும். இரவில் சிவப்புக் கோட்டுக்குக் கிட்டப் போகும். நிறுத்திப் பொனட்டின் பக்கம் போனால் தண்ணீர் இருக்கிறது, கொதிப்பில்லை. கராஜ் ஒன்றில் காட்டினோம். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணி, தேர்மோஸ்டட்டை மாற்றினார்கள். முள் அடங்கவில்லை. பிறகு டேங்கை இறக்கி, உள்ளே மிதவையோடு இருக்கும் டேங்க் யுனிட்டை மாற்றினார்கள். டீசல் முள்ளும் திருந்தவில்லை. "அப்படியென்றால் மீற்றர் போர்டுதான்" என்றார்கள். நான் பஞ்சிகாவத்தைக்குப் போய், பாவித்த போர்ட் ஒன்றை 9,500 ரூபாவுக்கு வாங்கி வந்தேன். எங்களது போர்டில் 214,000 கிலோமீற்றர். வந்த போர்டில் 68,000 சொச்சம். பூட்டினார்கள். அதே கோளாறு அச்சுப் பிசகாமல் திரும்ப வந்தது! பழைய போர்டையே திரும்பப் போடச் சொல்லிவிட்டு, வாங்கியதைக் கடதாசிப் பெட்டியில் வைத்துக் கடைத்தட்டில் ஏற்றினேன்.

இதுவரைக்கும் போனது பணம் மட்டுமே. பெரிய சேதம் இதற்குப் பிறகுதான் வந்தது.

வெப்ப முள் பொய் சொல்கிறது என்பது மருமகனுக்குப் பழகிவிட்டது. ஒரு நாள் அதே ஏற்றத்தில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் கொட்டியிருக்கிறது. முள் ஏறியதை அவர் கண்டிருக்கிறார். "அது எப்பவும் அப்படித்தானே" என்று ஓட்டிக்கொண்டே போயிருக்கிறார். தண்ணீர் முழுக்கப் போனபின் முள் கொஞ்சம் இறங்கியதாகவும் சொன்னார். அதிலும் ஆச்சரியமில்லை. வெப்பத்தை அளக்கும் சென்சர் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் இல்லாத இடத்தில் அது குறைத்தும் காட்டக்கூடும். ஹெட் கஸ்கட் எரிந்து, ஹெட் வளைந்து, வேன் பதினொரு நாள் கராஜில் கிடந்தது. செலவு 48,000 ரூபா. வாடகை வேனுக்குக் கொடுத்தது வேறு.

ஹெட் வேலை நடக்கும்போதுதான் அந்தக் கராஜுக்கு வந்து போகும் வயதான வயரிங் பாஸ் ஒருவரைச் சந்தித்தேன். கதையைக் கேட்டுவிட்டு அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்:

"முதலாளி, ஹெட் லைட்டைப் போட்டால் முள் அசையுதா?"

எனக்குத் தெரியாது. மருமகன் யோசித்துவிட்டு, ஓம், லைட்டைப் போட்டால் இரண்டு முள்ளும் கொஞ்சம் மேலே போகும் என்றார். நான் தலையில் கை வைத்தேன். மழை மாலையில் டீசல் தீர்ந்ததும், இரவில் மட்டும் சூடு ஏறியதும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.

பாஸ் சொன்ன விளக்கம் இதுதான். டீசல் முள்ளும் வெப்ப முள்ளும் வெவ்வேறு இடத்திலிருந்து செய்தி வாங்குகின்றன. ஒன்றுக்கு டேங்கிலிருந்து, மற்றதற்கு என்ஜினிலிருந்து. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பக்கமாகப் பிழை சொன்னால், டேங்க் யுனிட்டும் சென்சரும் சேர்ந்து ஒரே வாரத்தில் பழுதாகின என்று நம்புவது புத்தியல்ல. இரண்டுக்கும் பொதுவானது எதுவோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பொதுவானவை சில மட்டுமே: போர்டுக்கு வரும் கரண்ட், அதன் பியூஸ், போர்டின் ஏர்த் வயர், சில வாகனங்களில் முட்களுக்கு நிதானமான வோல்டேஜ் கொடுக்கும் சிறிய ரெகுலேட்டர். எங்கள் வாப்பாமார் ஓட்டிய மொறிஸ் மைனர் காலத்துப் பிரித்தானியக் கார்களிலும் இதே நோய் உண்டு. அவற்றின் பிந்திய மொடல்களில் முட்களுக்குப் பத்து வோல்ட் அளவில் கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று இருந்தது. அதன் ஏர்த் விட்டுப்போனால் டீசலும் சூடும் சேர்ந்தே கூடக் காட்டும்.

ஏர்த் சோதனைக்கு அவர் எடுத்தது சாதாரண மல்ட்டிமீற்றர். இன்று எந்த மின்சாதனக் கடையிலும் கிடைக்கும். கறுப்பு வயரைப் பெட்டரியின் நெகட்டிவ் முனையில் பிடித்தார். சிவப்பு வயரை மீற்றர் போர்டின் பின்னால் இருக்கும் ஏர்த் வயரில் பிடித்தார். திறப்பை ஓன் பண்ணி, லைட், வைப்பர் எல்லாவற்றையும் போடச் சொன்னார். ஏர்த் நல்லதாக இருந்தால் இந்த இரண்டு இடத்துக்கும் இடையே கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக்கூடாது. ஒரு வோல்ட்டில் பத்திலொரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. எங்கள் வேனில் 1.4 வோல்ட் காட்டியது. போர்டின் ஏர்த்திலிருந்து வெறும் வயர்த் துண்டு ஒன்றை எடுத்து வேனின் பொடியில் சுரண்டிய இரும்பில் வைத்துப் பிடித்தார். கண்ணுக்கு முன்னால் டீசல் முள் இறங்கியது.

டாஷ்போர்டுக்குக் கீழே, டிரைவர் பக்கத்தில், ஏர்த் வயர்கள் சேரும் போல்ட் ஒன்று உண்டு. முன்னொரு காலத்தில் பாட்டு செட் பூட்டிய ஒருவர் தன் அம்ப்ளிபயரின் ஏர்த்தையும் அதே போல்ட்டில் சேர்த்து, பெயின்ட்டுக்கு மேலேயே இறுக்கியிருந்தார். அதுவும் அரைகுறையாக. சுற்றிவரத் துரு. பாஸ் அதைக் கழற்றி, எமறித் தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, பல்லுள்ள வொஷர் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் கிறீஸ் பூசினார். அம்ப்ளிபயர் வயருக்கு வேறு இடம் பார்த்தார். அவர் கேட்ட கூலி 600 ரூபா. நான் அதுவரை செலவழித்ததை அவரிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

இனி ஒரு முள் மட்டும் பிழை சொன்னால் என்ன செய்வது? இதையும் அவரிடமே கேட்டு எழுதி வைத்தேன்.

செய்தி அனுப்பும் சென்சர், செய்தி வரும் வயர், செய்தியைக் காட்டும் மீற்றர் என்ற மூன்றில் எது பிழை என்று பிரித்தெடுக்க வேண்டும். டொயோட்டா போன்ற ஜப்பான் வாகனங்களின் சாதாரண முள்ளுக்கு இலகுவான வழி ஒன்று உண்டு. டேங்க் யுனிட்டின் பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறப்பை ஓன் பண்ணினால் முள் காலிக்கு இறங்க வேண்டும். பிறகு அந்தப் பிளக்கின் இரண்டு முனைகளையும் 3.4 வோட் சின்ன பல்ப் ஒன்றின் ஊடாகச் சேர்த்தால், பல்ப் எரிந்து, முள் மெதுவாக நிறைவுப் பக்கம் ஏற வேண்டும். வெப்ப சென்சருக்கும் இப்படியே: கழற்றினால் குளிர்ப் பக்கம், பல்பின் ஊடாக ஏர்த்துக்குத் தொட்டால் சூட்டுப் பக்கம். முள் சொன்னபடி கேட்டால் வயரும் மீற்றரும் நல்லவை. சென்சரைத்தான் மாற்ற வேண்டும். முள் அசையாவிட்டால் போர்டைக் கழற்றி அதன் பின்பக்கச் சொக்கட்டில் இதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே வேலை செய்தால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. அங்கேயும் இல்லையென்றால்தான் மீற்றர். பல்ப் இல்லாமல் வயரை நேரே ஏர்த்தில் வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. முள்ளின் சுருள் எரிந்துபோகலாம்.

டேங்க் யுனிட்டைக் கையிலெடுத்தும் அளக்கலாம். டொயோட்டாவின் பல பழைய மொடல்களில் மிதவை மேலே நிற்கும்போது 3 ஓம் அளவிலும், கீழே விழும்போது 110 ஓம் அளவிலும் காட்டும். எண்ணைவிட முக்கியம், மிதவையை மெதுவாக உயர்த்தும்போது அளவு படிப்படியாக மாறுவது. நடுவில் துள்ளினால் உள்ளே தேய்ந்திருக்கிறது. நிசானுக்கு டொயோட்டா யுனிட்டைப் போட்டுவிட்டு முள் பிழை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு கம்பனிக்கும் அளவு வேறு.

ஸ்பீடோ மீற்றரைப் பற்றி ஒரு சொல். கேபிள் உள்ள ஜப்பான் வாகனங்களில் கேபிள் ஒரு கிலோமீற்றருக்கு 637 தடவை சுற்ற வேண்டும் என்பது அவர்களுடைய தர அளவு. முள் நடுங்கினால் பெரும்பாலும் கேபிள் காய்ந்திருக்கும் அல்லது எங்காவது மடிந்திருக்கும். முள் நல்லாக வேலை செய்து கிலோமீற்றர் எண் மட்டும் நின்றுவிட்டால், உள்ளே சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. கேபிளுக்குப் பதிலாகச் சென்சர் உள்ளவற்றில் முள்ளும் எண்ணும் சேர்ந்து நின்றால் சென்சரையும் அதன் பிளக்கையும் முதலில் பாருங்கள்.

போர்டைக் கழற்றத்தான் வேண்டுமென்றால் பெட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். எயார் பேக் உள்ள வாகனமென்றால் அதன்பின் ஒன்றரை நிமிடமாவது பொறுத்திருந்து கை வையுங்கள். முள்ளை விரலால் தள்ளிப் பார்க்காதீர்கள். பின்னால் பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடும் பழைய போர்டுகளில் சொக்கட் தொடும் இடம் கறுத்திருந்தால் பென்சில் அழிறப்பரால் தேய்த்தாலே போதும். உட்போர்ட் உள்ளவற்றில் பின்களின் அடியில் ஈயத்தைச் சுற்றி மெல்லிய வளையம்போல் வெடிப்பு இருக்கும்; கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். டாஷ்போர்டைத் தட்டினால் மீற்றர் உயிர் பெறுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். றேடியோ திருத்துபவர் அரை மணித்தியாலத்தில் திரும்ப ஈயம் வைத்துக் கொடுப்பார்.

பெட்டரி அடையாளமுள்ள சிவப்பு பல்பை மட்டும் அலட்சியம் பண்ணாதீர்கள். பழைய வாகனங்கள் பலவற்றில் ஒல்டனேட்டர் விழித்துக்கொள்வதே அந்த பல்பின் ஊடாக வரும் கரண்டால்தான். பல்ப் எரிந்துபோனால் சில வாகனங்களில் சார்ஜே ஏறாது. அழகுக்காக அந்த இடத்தில் எல்.ஈ.டி. போட்டு, பிறகு ஒல்டனேட்டரைக் கழற்றித் திருத்தக் கொடுத்தவரை எனக்குத் தெரியும்.

புதிய வாகனங்களின் கதை வேறு. முள்ளுக்குப் பின்னால் சிறிய மோட்டர். செய்தி கம்பியூட்டர் வழியாக வருகிறது. அங்கே ஸ்கேனர் போடாமல் போர்டில் கை வைப்பது வீண்வேலை. ஹைபிரிட் வாகனத்தில் பல லைட்கள் ஒன்றாக எரிந்தால் முதலில் 12 வோல்ட் சின்ன பெட்டரியை அளக்க வேண்டும். அது இளைத்தாலே மீற்றர் பயமுறுத்தும். 2003 முதல் 2009 வரை வந்த இரண்டாம் தலைமுறைப் பிரியஸ் கார்களில் மீற்றர் இருண்டுபோகும் கோளாறு உலகம் முழுக்கத் தெரிந்தது. போர்டில் உள்ள ஒரு சின்ன கெப்பாசிட்டரை மாற்றி அதைத் திருத்துகிறார்கள். முழு மீற்றரையும் மாற்றச் சொல்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தப் புதிய போர்டுகளில் ஓடிய கிலோமீற்றர் ஒரு சிறிய சிப்பில் எழுதப்பட்டிருக்கும். வேறு வாகனத்தின் போர்டைப் போட்டால் வேறு வாகனத்தின் வயதும் கூடவே வரும். இங்கேதான் என் கடைத்தட்டில் கிடந்த பெட்டி திரும்பவும் கதைக்குள் வருகிறது.

2009இல் வேனை விற்க வேண்டி வந்தது. பழைய போர்டில் 286,000 கிலோமீற்றர் ஆகியிருந்தது. வந்த புரோக்கர் பழக்கமானவர். போர்ட் வாங்கிய கதையும் அவருக்குத் தெரியும். "நானா, மற்ற போர்ட் உங்ககிட்டதானே ஈக்கிது? அதப் பூட்டிட்டா ஒரு இலட்சம் கூடக் கேக்கலாம். நீங்க பொய் சொல்லத் தேவல்ல, மீற்றரே சொல்லும்" என்றார். அந்த மாதம் 80,000 ரூபா செக் ஒன்று எனக்கு மாற வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால், உடனே முடியாது என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு வாங்க என்றுதான் அனுப்பினேன்.

அன்றிரவு சேர்விஸ் கொப்பியைப் புரட்டினேன். டொயோட்டாவின் அக்காலத்து டீசல் என்ஜின்கள் பலவற்றில் டைமிங் பெல்ட்டை 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்கென்றே மீற்றர் போர்டில் ஒரு லைட்டும் உண்டு. நாங்கள் கடைசியாக மாற்றியது 203,000இல். அப்படியென்றால் அடுத்தது 303,000இல்; இன்னும் 17,000தான் மிச்சம். 68,000 காட்டும் போர்டைப் பூட்டினால், வாங்குபவர் 100,000 வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு 31,000க்கு மேல் ஓட வேண்டும். பெல்ட் நடுவழியில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜின் முடிந்துவிடும். எனது வேனில் பொய் சொன்ன முள்ளுக்கு நான் கொடுத்த விலை அதே கொப்பியில் இரண்டு பக்கம் முன்னால் எழுதியிருந்தது. அது துரு செய்த பொய். இது நான் செய்வதாக இருக்கும். விற்கும் பொருளின் குறையை மறைப்பதற்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மீற்றரை மாற்றுவது தவறல்ல. மாற்றியதை மறைப்பதுதான் தவறு. ஜப்பானில் மீற்றர் மாற்றினால் பழைய கிலோமீற்றரை எழுதிக் கதவுப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் உண்டு. ஏலத் தாளிலும் குறிப்பார்கள். அமெரிக்காவில் 1972இலேயே சட்டம் கொண்டுவந்தார்கள்: புதிய மீற்றரில் பழைய எண்ணை வைக்க முடியாவிட்டால் பூச்சியத்தில் வைத்து, முந்திய எண்ணையும் மாற்றிய திகதியையும் எழுதி இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். நாங்கள் வாகனம் வாங்கப் போகும்போது திறப்பை ஓன் பண்ணிப் பாருங்கள். எச்சரிக்கை லைட்கள் எல்லாம் ஒருமுறை எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியாத லைட் எது என்று கேளுங்கள். எயார் பேக் லைட்டின் பல்பைக் கழற்றிவிட்டு விற்பவர்கள் உண்டு. கிலோமீற்றர் எண்ணை மட்டும் நம்பாமல் பிரேக் பெடல் றப்பர், ஸ்டியரிங், டிரைவர் சீட் தேய்ந்திருக்கும் அளவையும் ஒத்துப் பாருங்கள்.

அடுத்த நாள் புரோக்கரிடம் இல்லை என்றேன். "வியாபாரம் தெரியாத ஆள்" என்று சொல்லிக்கொண்டு போனார். வேனைப் பேக்கரிச் சாமான் விநியோகிக்கும் ஒருவர் எடுத்தார். கேட்ட விலையில் 75,000 குறைத்தே கொடுத்தேன். செக்குக்கு நானாவிடம் கைமாற்று வாங்கினேன். வாங்கியவரிடம் சேர்விஸ் கொப்பியைக் கொடுத்து, பெல்ட்டுக்கு இன்னும் 17,000தான் என்று பக்கத்தைக் காட்டினேன். ஏர்த் போல்ட் இருக்கும் இடத்தையும் குனிந்து காட்டினேன். அவருக்கு அது எதற்கு என்று விளங்கியதா தெரியாது.

பெட்டியிலிருந்த போர்டை ஆறு மாதத்துக்குப் பிறகு, வயரிங் எரிந்து மீற்றர் உருகிப்போன டொல்பின் வேன்காரர் ஒருவருக்கு 7,000 ரூபாவுக்குக் கொடுத்தேன். பில் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. அதில் இப்படி எழுதினேன்: "பாவித்த மீற்றர் போர்ட் ஒன்று. எண் 68,412. இது வேறு வாகனத்தின் எண். இவ்வாகனம் இதுவரை ஓடியது, உரிமையாளர் சொன்னபடி, 241,000." அவரையும் கையொப்பமிடச் சொல்லி, கார்பன் பிரதியைக் கோவையில் போட்டேன்.